ஜாங்கோவா, லாராவெலா, ரியாக்டா: மலையில் தனியாகக் கற்பவர் எதில் தொடங்கலாம்?

கல்லூரி முடித்துவிட்டு, ஊரை விட்டு இறங்காமல் இணையச் செயலி எழுதக் கற்றுக்கொள்ள நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்த ஃபிரேம்வொர்க் (செயலியின் அடிப்படை வேலைகளை முன்பே எழுதித் தரும் சட்டகம்)? கேட்கும்போதே பாதிப் பேர் பதிலையும் கையில் வைத்திருப்பார்கள். ரியாக்ட். வேலை விளம்பரங்களில் அந்தப் பெயர்தான் அதிகம் கண்ணில் படுகிறது, யூடியூபிலும் அதுதான் ஓடுகிறது. நான் மறுத்துப் பேசினால் ஏதோ பழங்காலத்து ஆள் போலப் பார்ப்பார்கள்.

இங்கே மூன்று வழிகளை எடை போடுகிறேன். பைத்தான் மொழியில் ஜாங்கோ, பிஎச்பியில் லாராவெல், ஜாவாஸ்கிரிப்டில் நோட் (சர்வரில், அதாவது தளம் ஓடும் கணினியில், அந்த மொழியை ஓட்டுவது), எக்ஸ்பிரஸ் (சர்வர் பக்க ஃபிரேம்வொர்க்), ரியாக்ட் (திரைக்கானது) ஆகியவை சேர்ந்த கூட்டணி. மூன்றையும் கோத்தகிரியில் உட்கார்ந்து, சொல்லித்தர ஆள் இல்லாமல் கற்றவன் நான். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையில் தனியாகக் கற்பவர் ஜாங்கோவில் தொடங்குவதே நல்லது என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்கும் வலுவான வாதங்கள் உண்டு. சில இடங்களில் அவர்கள் என்னைத் தோற்கடிக்கவும் செய்கிறார்கள்.

வழக்கமான ஒப்பீடுகள் வேகத்தைப் பேசும். ஒரு நொடிக்கு எத்தனை கோரிக்கைகளைத் தாங்கும் என்று பட்டியல் போடும். கீழ்க்கோத்தகிரியில் சில நூறு பேர் பயன்படுத்தப்போகும் செயலிக்கு அந்தக் கணக்கே வேண்டாம், மூன்றுமே தாங்கும். பெங்களூருவில் கற்பவருக்குச் சந்தேகம் கேட்க அறைத்தோழர் இருக்கிறார், பயிற்சி மையம் இருக்கிறது, அறுபடாத இணைப்பு இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஐப்பசி மழையில் கட்டபெட்டு பக்கம் ஒரு கற்பூர மரம் மின்கம்பியில் சாய்ந்தால் போதும். மின்சாரம் போகும், பின்னாலேயே செல்போன் சிக்னலும் போகும். லேப்டாப்பில் மிச்சமிருக்கும் சார்ஜ் தீரும்வரைதான் உங்கள் வகுப்பு.

ஆகவே நான் பார்ப்பது இரண்டே விஷயம். இணையம் இல்லாதபோதும் பாடம் நகருமா? சிக்கிக்கொண்ட இடத்தில் யாரையும் கேட்காமல் அதுவே வழி காட்டுமா?

முதல் கேள்வியில் ஜாங்கோ தெளிவாக முந்துகிறது. அதன் முழு ஆவணத்தையும் பிடிஎஃப் ஆகவோ, இபப் ஆகவோ, ஒரே தொகுப்பாகவோ இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான பக்கங்கள். ஆனால் அவை பிரிக்கப்பட்டிருக்கும் முறைதான் முக்கியம்: தொடக்கப் பாடம் தனி, ஒரு பொருளை விளக்கும் பகுதி தனி, ‘இதை எப்படிச் செய்வது’ என்று சொல்லும் பகுதி தனி, அகராதி போலத் தேடிப் பார்க்கும் பகுதி தனி. தொடக்கப் பாடத்தில் ஒரு வாக்கெடுப்புச் செயலியைக் கட்டச் சொல்கிறார்கள். கேள்வி, விருப்பங்கள், எத்தனை வாக்கு, அவ்வளவுதான். சலிப்பூட்டும் உதாரணம் என்று பலர் பாதியில் விட்டுவிட்டு வீடியோ தேடப் போகிறார்கள். விடாதீர்கள். தரவுத்தளம், படிவம், சோதனை நிரல் எல்லாம் அந்தச் சலிப்புக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

லாராவெலின் ஆவணமும் நன்றாக எழுதப்பட்டது. சில இடங்களில் ஜாங்கோவின் ஆவணத்தைவிடப் படிக்கச் சுவையானது. மூலக் கோப்புகள் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருப்பதால் இறக்கியும் கொள்ளலாம். குறை என்னவென்றால், அது ஏற்கெனவே பிஎச்பி தெரிந்தவரிடம் பேசுகிறது. ஒவ்வொரு வசதியையும் தனித்தனியாக விளக்கும். அவற்றைக் கோத்து ஒரு செயலியாக்குவதை நீங்கள் வேறெங்காவது கற்க வேண்டும். அந்த வேறெங்கோ பெரும்பாலும் வீடியோதான். ஜெஃப்ரி வே நடத்தும் லாராகாஸ்ட்ஸ் பாடங்களுக்கு லாராவெல் உலகில் தனி மரியாதை உண்டு, நியாயமான மரியாதை. ஆனால் நாள் கணக்கு டேட்டாவில் வாழ்பவருக்கு மணிக்கணக்கான வீடியோ கட்டுப்படியாகாது. வீடியோவில் தேடிப் பிடிப்பதும் பெரும்பாடு. ‘அந்த ஒரு வரி எங்கே வந்தது’ என்று முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ரியாக்டின் புதிய ஆவணத் தளம் 2023 மார்ச்சில் வந்தது. கற்பித்தல் என்ற அளவில் மூன்றிலும் அதற்குத்தான் நான் முதல் பரிசு தருவேன். பக்கத்துக்குள்ளேயே நிரலை மாற்றி, விளைவை அங்கேயே பார்க்கலாம். அந்த அழகு முழுக்க இணைப்பை நம்பி இருக்கிறது என்பதுதான் நம் துரதிர்ஷ்டம்.

நிறுவும்போதும் இதே கதை. ஜாங்கோவை நிறுவினால் கூடவே வரும் துணைத் தொகுப்புகளை (பிறர் எழுதி வைத்த நிரல் துண்டுகளை) ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். குன்னூரில் நல்ல இணைப்பு உள்ள நண்பர் வீட்டில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவ முடியும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஒரு சாதாரணத் திட்டத்தைத் தொடங்கினாலே நூற்றுக்கணக்கான தொகுப்புகள் வந்து இறங்கும். அவற்றில் பெரும்பாலானவை எதற்கு என்று உங்களுக்கும் தெரியாது, சொல்லித்தருபவருக்கும் தெரியாது. 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற தொகுப்பை அதை எழுதியவர் திடீரென்று நீக்கிவிட்டார். எழுத்துகளுக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் 11 வரி நிரல். அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் உலகெங்கும் அன்று முடங்கின. அதன் பிறகு அந்தத் தொகுப்புக் கிடங்கை நடத்துவோர் விதிகளை மாற்றிவிட்டார்கள். என்றாலும் சிறு சிறு தொகுப்புகள் மேல் கட்டும் பழக்கம் மாறவில்லை.

பாடங்கள் எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். தனியாகக் கற்பவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் பழைய பாடமே. 2018இல் எழுதிய ரியாக்ட் பாடத்தில் எல்லாம் கிளாஸ் என்ற பழைய எழுத்து வடிவில் இருக்கும். 2019 பிப்ரவரியில், கிளாஸ் இல்லாமலே எழுத உதவும் ஹுக்ஸ் வந்த பிறகு அப்படி எழுதுவோர் அருகிவிட்டார்கள். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதல் கட்டளையாக இருந்த ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ கருவியை 2025 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகக் கைவிட்டுவிட்டார்கள். முதல் கட்டளையிலேயே எச்சரிக்கை வந்தால், தவறு தன்னுடையதா, பாடத்தினுடையதா என்று புதியவருக்குத் தெரியாது. ஜாங்கோவிலும் மாற்றம் உண்டு. முகவரிகளை எழுதும் பழைய முறை 2017 இறுதியில் வந்த 2.0 பதிப்பில் பின்னுக்குப் போய், 2021 இறுதியில் வந்த 4.0இல் அடியோடு நீங்கியது. பழைய பாடத்தைப் பின்பற்றினால் இன்று அந்த வரியில் பிழை வரும். அந்த ஒரு வரியைத் திருத்தினால் பாடத்தின் மற்ற பகுதி பெரும்பாலும் ஓடும். நான்கு ஆண்டு அவகாசம் கொடுத்துத்தான் நீக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் குணங்கள் தற்செயலாக வந்தவை அல்ல. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிறு நகரத்து நாளிதழ் அலுவலகத்தில் அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் ஜாங்கோவை உருவாக்கினார்கள். 2005 ஜூலையில் அது பொதுவெளிக்கு வந்தது. செய்தி ஆசிரியர் கேட்டால் சில மணி நேரத்தில் பக்கம் தயாராக வேண்டும். செய்தியாளர்கள் தாங்களே தகவலை உள்ளிட வேண்டும். அதனால்தான் உள்ளீட்டுத் திரை அதிலேயே பிறந்து வளர்ந்தது. லாராவெலை டெய்லர் ஓட்வெல் 2011இல் வெளியிட்டார். எழுதும் நிரலாளருக்குக் கை சுகமாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அதன் ஒவ்வொரு வரியிலும் தெரியும். ரியாக்ட் 2013இல் ஃபேஸ்புக்கிலிருந்து வந்தது. அது திரையை மட்டும் கவனிக்கும் லைப்ரரி என்று அதன் தளமே சொல்கிறது. தரவுத்தளம், கடவுச்சொல், அனுமதி இவற்றையெல்லாம் அதனிடம் கேட்கக் கூடாது.

இனி ஒரு சோதனை. இலைக் கணக்கு.

நம் பக்கத்தில் சிறு விவசாயி பறித்த பசுந்தேயிலையை ஏஜென்ட் ஊரிலேயே எடை போட்டு, லாரியில் தொழிற்சாலைக்கு அனுப்புவார். சாக்கு எடைக்கும், மழை நாளில் ஈர இலைக்கும் கழிவு உண்டு. எடை அன்றே நோட்டில் ஏறிவிடும். விலை ஏறாது. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் போன விலையை ஒட்டி, மாவட்டச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும். அதன் பிறகுதான் கிலோவுக்கு எவ்வளவு என்பது தெளிவாகும். இடையில் விவசாயி முன்பணம் வாங்கியிருப்பார், உரம் வாங்கியிருப்பார். எல்லாம் கழித்து மிச்சம் கைக்கு வரும்.

இதைச் செயலியாக்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் ஏஜென்ட் கேட்டார்: “விலையே வராமல் கணக்கை எப்படி எழுதுவாய் தம்பி?” தரவுத்தள வகுப்பில் ஓர் ஆசிரியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. விலை என்ற கட்டத்தில் சுழியம் போட்டால் தவறு. சுழியம் என்றால் இலைக்குக் காசே இல்லை என்று பொருள். அது வெற்றாக இருக்க வேண்டும். வெற்று என்பதும் சுழியம் என்பதும் வேறு என்று செயலிக்குத் தெரிய வேண்டும். விலையை ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் எழுதாமல், மாதம், தொழிற்சாலை, விலை என்று தனி அட்டவணையில் ஒருமுறை எழுதி இணைப்பது இன்னும் நல்லது. அறிவிப்பு வந்த அன்று ஓரிடத்தில் எண்ணைப் போட்டால் எல்லார் கணக்கும் நிமிர்ந்துவிடும்.

ஜாங்கோவில் இதை மாடல் என்ற ஒரே கோப்பில் எழுதுகிறோம். விவசாயி, தேதி, மொத்த எடை, கழிவு, மாத விலை, முன்பணம். கட்டங்களின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். இரண்டு கட்டளை கொடுத்தால் தரவுத்தளத்தில் அட்டவணைகள் உருவாகிவிடும். ஒவ்வொரு மாடலையும் ஒரு வரியில் பதிவு செய்தால் அட்மின் திரை தயார்: உள்நுழைவு, யார் எதைத் திருத்தலாம் என்ற அனுமதி, யார் எப்போது மாற்றினார் என்ற வரலாறு எல்லாம் சேர்ந்தே வரும். தேடலும் மாதவாரி வடிகட்டலும் இன்னும் சில வரிகள். அட்மின் பொத்தான்களின் தமிழாக்கம் அரைகுறைதான். கணக்கு எழுதும் ஆளுக்கு அது ஒரு தடையாக இருந்ததில்லை. கற்பவருக்கு இதில் பெரிய லாபம் இருக்கிறது. திரை வடிவமைப்பில் இறங்குவதற்கு முன்பே, உண்மையான மனிதர் ஒருவர் உண்மையான எடையை உள்ளிடுவதைப் பார்த்துவிடலாம். மாடலில் உள்ள பிழைகள் அன்றே வெளியே வரும். ஒன்று மட்டும்: அட்மின் உள் அலுவலகத்துக்கானது, வாடிக்கையாளருக்கானது அல்ல என்று ஆவணமே எச்சரிக்கிறது. விவசாயி தன் கணக்கைப் பார்க்கும் பக்கத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

லாராவெலில் மூலத் தொகுப்போடு அட்மின் வராது. அதிகாரபூர்வமான நோவாவுக்குப் பணம் கட்ட வேண்டும். ஃபிலமென்ட் இலவசம், அருமையானது, ஆனால் அது கற்க வேண்டிய இன்னொரு உலகம். எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. லாராவெலில் மாடல் கோப்பைத் திறந்தால் அது ஏறக்குறையக் காலியாக இருக்கும். அட்டவணையில் என்னென்ன கட்டங்கள் என்பது, தரவுத்தள மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதியும் மைக்ரேஷன் கோப்புகளில் சிதறிக் கிடக்கும். அனுபவசாலிக்கு இது பொருட்டே அல்ல. ஆறு வாரம் கழித்துத் தன் நிரலைத் தானே திறந்து பார்க்கும் புதியவருக்கு, எல்லாம் ஓரிடத்தில் எழுதியிருப்பது பெரிய ஆறுதல்.

எக்ஸ்பிரஸ் பக்கம் வந்தால், சமையலறையைக் காட்டி, பாத்திரம் முதல் அடுப்பு வரை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்ன மாதிரி. தரவுத்தளத்தோடு பேச ப்ரிஸ்மாவா, சீக்வலைஸா? உள்நுழைவுக்கு எது? படிவச் சரிபார்ப்புக்கு எது? ஒவ்வொன்றுக்கும் பத்து பதில்கள், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வீடியோ. கற்கும் நேரம் தேர்ந்தெடுப்பதிலேயே கரைகிறது. போதாததற்கு, இந்தக் கூட்டணிப் பாடங்கள் பெரும்பாலும், அட்டவணைகள் இல்லாமல் தரவைச் சேமிக்கும் மாங்கோடிபியைத் தரவுத்தளமாகப் பிடிக்கின்றன. விவசாயி, எடை, விலை, முன்பணம் என்று ஒன்றோடொன்று கட்டுண்ட கணக்குக்கு அது தேவையில்லாத சுற்றுவழி. கணக்குக்கு அட்டவணைகளும், அவற்றோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லும்தான் அழகு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

மூன்று இடங்களில் இந்த வேறுபாடுகள் காசாகவே வெளிப்படுகின்றன.

முதலாவது, தசமம். ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பைத்தானிலும் பிஎச்பியிலும் சாதாரணத் தசம எண்ணின் உள் கணக்கு இதே கதிதான், ஏனென்றால் கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணுகிறது. ஆனால் ஜாங்கோவில் பணத்துக்கென்று உள்ள டெசிமல் கட்டத்தைத் தேர்ந்தால், பைத்தான் தன்னிடம் உள்ள துல்லியமான டெசிமல் வகையில் கணக்கிடும். லாராவெல் அதைச் சரமாக (எழுத்துத் தொடராக) தருகிறது. கவனமாக இருந்தால் பிழைக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் அப்படி ஒரு வகை மொழியிலேயே இல்லை. ரூபாயைப் பைசாவாகவும் கிலோவைக் கிராமாகவும் முழு எண்ணாக வைத்துக்கொள்வதே அங்கே பாதுகாப்பு. விவசாயி நோட்டில் ஐந்து பைசா இடித்தாலும் ஏஜென்ட்டின் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, தேதி. இதை ஒரு தம்பி எழுதிய ரியாக்ட் செயலியில் கிட்டத்தில் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இலை முந்தைய மாதக் கணக்கில் போய் உட்கார்ந்தது. காரணம் எளிது. ஜாவாஸ்கிரிப்டில் தேதிக்கென்று பழக்கத்தில் இருக்கும் பொருள் வெறும் தேதியல்ல; அதற்குள் நேரமும் இருக்கிறது. ஏப்ரல் 1 என்று உருவாக்கினால் அது ஏப்ரல் 1 நள்ளிரவு 12 மணி, இந்திய நேரம். சர்வருக்கு அனுப்ப அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றும்போது ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் மார்ச் 31, மாலை 6.30 ஆகிவிடுகிறது. அங்கே நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் சேமித்தால் முடிந்தது கதை: ஏப்ரல் இலைக்கு மார்ச் விலை. லாராவெலிலும், நேர மண்டலத்தை இந்தியா என்று வைத்துவிட்டுத் தேதியை ஜேசனாக (தரவை அனுப்பும் எழுத்து வடிவம்) அனுப்பினால் இதே சறுக்கல் நேரலாம். வடிவத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் தப்பலாம். ஜாங்கோவின் தேதிக் கட்டத்தில் நேரம் என்ற பேச்சே இல்லை. லண்டனில் கற்பவர் குளிர்கால மாதங்களில் இந்தப் பிழையைப் பார்க்கவே மாட்டார்; அதனால் அங்கே எழுதப்பட்ட பாடங்களும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

மூன்றாவது, தமிழ். ‘கோத்தகிரி’ என்பது நம் கணக்கில் ஐந்து எழுத்து. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் நீளம் கேட்டால் ஒன்பது என்று சொல்லும், ஏனென்றால் துணைக்குறிகளையும் புள்ளியையும் யூனிகோடு தனியாக எண்ணுகிறது. பிஎச்பியில் நீளம் சொல்லும் பழைய சார்பை (ஃபங்ஷனை) கேட்டால் 27 என்னும். அது பைட்டுகளை, அதாவது கணினியின் சேமிப்பு அலகுகளை, எண்ணுகிறது. அந்தச் சார்பை நம்பிப் பெயரை வெட்டினால் பாதி எழுத்தும் கேள்விக்குறியுமாக அச்சாகும். லாராவெலின் சொந்தக் கருவிகளைப் பயன்படுத்தினால் அவ்வளவு மோசமாகாது. அகரவரிசையில் மூன்றுமே ஒரே படகு. யூனிகோடு வரிசையில் ஜ, சகரத்தை அடுத்து வருகிறது. நம் அகராதியில் அது கடைசிப் பக்கங்களில். போஜன், மாதன், ஜோகி என்று பெயர்களை வரிசைப்படுத்தினால் ஜோகி முதலில் வந்து நிற்பார். இதைத் தீர்ப்பது தரவுத்தளத்தின் வேலை; ஃபிரேம்வொர்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

சிக்கிய இடத்தில் வழி காட்டுவது பற்றிச் சுருக்கமாக. ஜாங்கோவில் முகவரி தவறினால், தான் எந்தெந்த முகவரிகளை ஒப்பிட்டுப் பார்த்தது என்று வரிசையாகக் காட்டும். படிவத்தில் பாதுகாப்புக் குறியை (வேறு தளத்திலிருந்து வரும் போலிப் படிவத்தைத் தடுக்கும் ரகசியக் குறி) விட்டுவிட்டால் 403 என்று மறித்து, என்ன சேர்க்க வேண்டும் என்றும் சொல்லும். லாராவெலின் பிழைப் பக்கம் கண்ணுக்கு இதைவிட அழகு. ஆனால் அதே பாதுகாப்புக் குறி விடுபட்டால் ‘419, பக்கம் காலாவதியாகிவிட்டது’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். புதியவர் அதைப் பார்த்து எதைக் கண்டுபிடிப்பார்? எக்ஸ்பிரஸ் மறிப்பதே இல்லை. அந்தப் பாதுகாப்பு அதில் இயல்பாகக் கிடையாது; அதற்கென்று எல்லோரும் சேர்த்துக்கொண்டிருந்த தொகுப்பையும் 2022இல் கைவிட்டுவிட்டார்கள். பிழை வராத செயலி பத்திரமான செயலி என்று நம்பிக்கொண்டிருப்பதுதான் இங்கே ஆபத்து.

இனி நான் தோற்கும் இடம். சோலூர்மட்டத்துக்குக் கீழே எடைக் கொட்டகையில் சிக்னலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையை அங்கேயே செல்போனில் பதிந்து, சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் தானாக ஏற வேண்டும். இது உலாவிக்குள் நடக்க வேண்டிய வேலை. இணைப்பு இல்லாதபோதும் ஓடும் சர்வீஸ் வொர்க்கர், உலாவிக்குள்ளேயே தரவைச் சேமிக்கும் இன்டெக்ஸ்டு டிபி போன்றவற்றைக் கொண்டு ஜாவாஸ்கிரிப்டில்தான் எழுத வேண்டும். ஜாங்கோவும் லாராவெலும் சர்வரில் உட்கார்ந்திருப்பவை. கொட்டகைக்கு அவை வர முடியாது. எடையைத் தட்டும்போதே கழிவும் நிகர எடையும் பக்கத்தில் மாற வேண்டும் என்றாலும் அப்படியே. இத்தகைய திரைகளுக்கு ரியாக்ட் உண்மையிலேயே நல்ல கருவி. ஆனால் ஒரே ஒரு படிவத்துக்கு ரியாக்ட் வேண்டுமா? வெறும் ஜாவாஸ்கிரிப்டில் சில நூறு வரிகள் போதும். அதற்கும் முன்னால் ஏஜென்ட்டைக் கேட்டுப் பாருங்கள். பலர் கொட்டகையில் நோட்டில் எழுதி, மாலையில் வீட்டில் உள்ளிடவே விரும்புகிறார்கள். மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை ஒத்துழைப்பதில்லை, பென்சில் ஒத்துழைக்கும்.

லாராவெல் என்னை மடக்குவது பணத்தில். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் எங்கும் தங்கும் விடுதிக்காரர்களுக்குத் தளம் வேண்டும். பெரும்பாலோர் ஏற்கெனவே யாரிடமோ மலிவான பகிர்வு ஹோஸ்டிங் (பலரின் தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் வாடகை இடம்) வாங்கி வைத்திருப்பார்கள். அதில் பிஎச்பி இருக்கும். பைத்தான் இருக்காது, இருந்தாலும் ஜாங்கோவை ஓட்டுவது படாத பாடு. லாராவெலுக்கு, நிறுவும் பதிப்பு கேட்கும் பிஎச்பி பதிப்பு (லாராவெல் 12 என்றால் 8.2 அல்லது அதற்கு மேல்) இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஜாங்கோவுக்குப் பைத்தான்எனிவேர் போன்ற இடமோ சொந்த விபிஎஸ்ஸோ (நாமே நிர்வகிக்கும் வாடகைச் சர்வர்) வேண்டும். லினக்ஸ் நிர்வாகமும் சேர்ந்து தலையில் ஏறும். விடுதி வேலையை நம்பி உடனே சம்பாதிக்க நினைப்பவரிடம் ஜாங்கோ படி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அறைகளின் படம், கட்டணம், தொலைபேசி எண், 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்ற குறிப்பு, இவ்வளவுதான் தேவை என்றால் லாராவெலும் வேண்டாம், வேர்ட்பிரஸ் போதும். முன்பதிவும் பணம் செலுத்துதலும் வரும்போது லாராவெலுக்குப் போகலாம்.

வேலைதான் குறி என்றால் ரியாக்ட். கோவைக்கோ பெங்களூருவுக்கோ ஒரு வருடத்துக்குள் இறங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உள்ளவர்களை நான் தடுப்பதில்லை. உலாவியிலும் சர்வரிலும் ஒரே மொழி என்பதும் சிறிய வசதியல்ல. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் வெறும் ஜாவாஸ்கிரிப்ட், அதில் ஒரு பட்டியலைச் சேர்த்து நீக்கித் திரையில் காட்டுவது, சர்வரிலிருந்து தரவை எடுத்து வருவது, அதற்குப் பின் ரியாக்ட். மொழி தெரியாமல் ஃபிரேம்வொர்க்கில் நுழைந்தவருக்கு எது ஜாவாஸ்கிரிப்டின் விதி, எது ரியாக்டின் விதி என்றே பிரித்துப் பார்க்க முடியாது. நேர்காணலில் முதல் பத்து நிமிடத்தில் இது வெளிப்பட்டுவிடும். பைத்தானுக்கும் ஜாங்கோவுக்கும்கூட இதே விதிதான்.

மற்ற ஃபிரேம்வொர்க்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரூபி மொழியின் ரூபி ஆன் ரெயில்ஸ் அருமையானது, 2004இலிருந்து மற்ற எல்லாருக்கும் வழி காட்டியது. நம் பக்கத்தில் அதைக் கேட்கும் ஆளைக் காணவில்லை. பைத்தானின் ஃபிளாஸ்க் மிகச் சிறியது, ஆதலால் எக்ஸ்பிரஸின் சிக்கல் அதற்கும் உண்டு. அதே பைத்தானின் ஃபாஸ்ட்ஏபிஐ இரண்டாவதாகக் கற்க நல்லது. ரியாக்டைப் போலத் திரைக்கான ஆங்குலரைப் பெரிய நிறுவனத்துக்குள் போன பிறகு அவர்களே கற்றுத் தரட்டும்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் இருக்கும்போது இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். பிழைச் செய்தியைத் தமிழில் விளக்கச் சொல்ல அவை மிகவும் நல்லவை. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் ரியாக்ட் போல வேகமாக மாறும் இடத்தில் பழைய பதிப்பின் வழக்கத்தையும் புதியதையும் ஒரே பதிலில் கலந்து தருகின்றன. எது பழையது என்று பிரித்தெடுக்க ஆவணத்தைப் படித்த கண் வேண்டும். மேலும், மரம் விழுந்த அன்று அவையும் வராது.

ஜாங்கோதான் என்று முடிவு செய்தவர்கள் கடைசியாக வந்த பதிப்பை நிறுவ வேண்டியதில்லை. 2.2, 3.2, 4.2, 5.2 என்று முடியும் பதிப்புகளுக்கு நீண்ட கால ஆதரவு உண்டு. 2025 ஏப்ரலில் வந்த 5.2க்கு 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். லாராவெலில் ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு, பாதுகாப்புத் திருத்தம் இரண்டு ஆண்டுக்கு. ஏஜென்ட்டிடம் செயலியைக் கொடுத்துவிட்டு வேறு வேலையில் இறங்கும் தனி ஆளுக்கு அந்தக் கூடுதல் ஓராண்டு உபயோகப்படும். நல்ல இணைப்பு கிடைக்கும் நாளில் பைத்தான், ஜாங்கோ 5.2, அதே 5.2க்கான ஆவணம், பைத்தான் மொழியின் ஆவணம் நான்கையும் இறக்கி லேப்டாப்பில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தை உருவாக்கியதும் அமைப்புக் கோப்பைத் திறந்து, உலகப் பொது நேரம் என்று இருக்கும் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிட்டு வாக்கெடுப்புப் பாடத்தைத் தொடங்குங்கள்.